ஆறுதல் பரிசு

போன வருசம் ஒருநாள் பொழுது சாயுற நேரத்தில், எங்கள் காலனிப் பெண்பிள்ளை ஒருத்தி கையில் ஒரு தாளோடு வாசலில் வந்து நின்றாள். ஒன்பதாவது படிக்கிறாள். ஆர்.கே.பேட்டைக்கு நடந்தே போய்ப் படித்துவிட்டு வருகிற பிள்ளை. மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி, தலைப்பு அண்ணல் அம்பேத்கர் என்று தாளில் அச்சடித்திருந்தது.

"பெரிப்பா, இதுல சேரட்டுமா? உங்களக் கேட்டுகினு வரச் சொல்லுச்சு அம்மா."

சேரும்மா என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் எனக்குள் நடந்த வழக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கேள்வி சின்னதுதான். நம்மைக் காலங்காலமாகக் குறைத்தே அளந்த சமூகம், அதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, வா, வந்து நில், அளக்கிறேன் என்று கூப்பிடுகிறது. போவதா, வேண்டாமா? போனால் அந்த அளவுகோலை ஒப்புக்கொண்டதாக ஆகாதா? போகாவிட்டால், இவர்களுக்கு வக்கில்லை, அதான் வரவில்லை என்று எழுதிக்கொள்ள மாட்டார்களா?

*

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே பேசினால் யாருடைய வாயோ பேசுவதுபோல இருக்கும்.

1984. நான் எட்டாவது. ஆசிரியர் தினத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆசிரியர் தினம் என்றால் தனி மரியாதை. ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி எங்களுக்குப் பக்கத்து ஊர். 1888இல் பிறந்தவர். 1962இல் அவர் குடியரசுத் தலைவர் ஆனதிலிருந்து அவருடைய பிறந்தநாளான செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம்ம ஊர்க்காரர், நம்ம ஊர்க்காரர் என்று வாத்தியார்கள் எல்லாரும் சொல்வார்கள். அந்த 'நம்ம'வில் நான் உண்டா என்று அந்த வயதில் கேட்கத் தெரியாது.

அவர் உதவித்தொகையில் படித்து முன்னுக்கு வந்தவர் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் சிம்னி விளக்கு வைத்து நாலு பக்கம் எழுதினேன். நானும் உதவித்தொகையில் படிக்கிறவன்தான், அவர் வாங்கியபோது பெருமை என்கிறோம், நாங்கள் வாங்குகிற அன்றைக்கு மட்டும் வகுப்பில் ஏன் சிரிக்கிறார்கள் என்று எழுதினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேர் கூப்பிட்டு எழுந்து நிற்கவைத்துக் கையெழுத்து வாங்குகிற அந்த நாளில் மனசில் கிடந்தது, பேனாவில் இறங்கிவிட்டது.

மறுநாள் வாத்தியார் கூப்பிட்டார். "இன்னாடா, இது நீயே எழுதுனதா? எவன்டா எழுதிக் குடுத்தான்?"

"நான்தான் சார்."

"அப்ப இங்க உக்காந்து என் எதுருல எழுது, பாக்கலாம்."

ஒரு பெஞ்சு, ஒரு வெள்ளைத்தாள், முக்கால் மணி நேரம். எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகித்த பதவி எல்லாம் வரிசையாக வந்தது. உதவித்தொகை வரி மட்டும் வரவில்லை. மறந்துபோகவில்லை. நானே விட்டுவிட்டேன். அது இருந்தால் பரிசு கிடைக்காது என்று அந்தப் பதின்மூன்று வயதுக்குத் தெரிந்திருந்தது.

பரிசு கிடைத்தது. ஆறுதல் பரிசு. ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா.

நைனா கரும்பு வெட்டப் போகிறவர். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோப்பே இல்லாத வூட்டுக்கு டப்பா எதுக்குடா?" என்று சிரித்தார். ஆயா அதை வாங்கிப் புகையிலை போட்டுவைத்துக்கொண்டது. சாகிற வரைக்கும் அதில்தான் வைத்திருந்தது. "எம் பேரன் பரிசா வாங்கினு வந்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த விட்டுப்போன வரி ஞாபகம் வரும்.

*

ஆறுதல் பரிசு என்ற பேரைக் கவனியுங்கள். தோற்றவனுக்கு ஆறுதல் என்று அர்த்தம். கொடுத்தவருக்கும் அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. பையன் நன்றாக எழுதியிருந்தான், அதற்கு ஏதோ ஒன்று செய்துவிட்டோம், மூன்று பேர் வரிசையையும் கலைக்கவில்லை என்ற ஆறுதல்.

வாத்தியாரின் சந்தேகத்தைத்தான் நான் பல வருசம் யோசித்தேன். நம் பிள்ளை மோசமாக எழுதினால், சலுகையில் வந்தவன், இவ்வளவுதான் வரும் என்பார்கள். நன்றாக எழுதினால், எங்கேயிருந்து அடித்தாய் என்பார்கள். எந்தச் சரக்கை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டுகிற தராசை யாராவது தராசு என்பார்களா? சந்தையில் அப்படி ஒரு தராசு வைத்திருந்தால் கடைக்காரனை அடிக்கப் போவார்கள். 'தகுதி, திறமை' என்று பேர் வைத்தால் மட்டும் கும்பிடுகிறார்கள். 1990 ஆகஸ்டில் மண்டல் பரிந்துரையை வி.பி.சிங் அறிவித்தபோது நாடெங்கும் கேட்ட கூச்சல் இந்தத் தராசுக்கு ஆபத்து வந்துவிட்டது என்ற கூச்சல்தான்.

பிற்பாடு சென்னையில் ஒரு நூலகத்தில் அதே ராதாகிருஷ்ணனைப் பற்றி வேறொரு செய்தி படித்தேன். ஜதுநாத் சின்ஹா என்று வங்காளத்துத் தத்துவ ஆசிரியர் ஒருவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பிரேம்சந்த் ராய்சந்த் பரிசுக்காக 1920களின் தொடக்கத்தில் ஆய்வேடு எழுதி அனுப்பியவர். ராதாகிருஷ்ணன் அப்போது அதே பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். 1927இல் அவருடைய 'இந்தியத் தத்துவம்' இரண்டாம் தொகுதி வெளிவந்தது. தான் பரிசுக்கு அனுப்பிய ஆய்விலிருந்து பகுதி பகுதியாக அதில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று சின்ஹா 1929இல் 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகையில் எழுதினார். வழக்கும் போட்டார். ராதாகிருஷ்ணன் மறுத்தார். இரண்டு பேரும் ஒரே மூலநூல்களை வைத்து எழுதினால் ஒத்துப்போகத்தான் செய்யும் என்பது அவர் பக்கத்து வாதம். பதிலுக்கு அவரும் மானநட்ட வழக்குப் போட்டார். 1933இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி இரண்டு வழக்கும் முடிந்தன. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சின்ஹா தலித்தும் இல்லை. நான் பார்ப்பது வேறு. பெரியவர்மேல் சந்தேகம் வந்தபோது பதில் எழுதப் பத்திரிகை இருந்தது, பேச வக்கீல் இருந்தார், நாலு வருச அவகாசம் இருந்தது. நிரூபிக்க வேண்டிய சுமை குற்றம் சொன்னவர் தலையில் இருந்தது. அந்த வழக்கு, 1954இல் அவருக்கு பாரத ரத்னா வருவதைத் தடுக்கவில்லை. தடுக்கவும் கூடாது. நிரூபிக்கப்படாத குற்றம் குற்றமில்லை. அதே நியாயம் எனக்கும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. எனக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். அதிலும் நிரூபிக்க வேண்டியவன் நான்தான்.

*

நம்ம ஊரில் போட்டி என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது தருமி. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் நடித்து, படிக்காதவர்களுக்கும் தெரிந்த கதை. பாண்டியனுக்கு ஒரு சந்தேகம். தீர்த்து வைக்கிற பாட்டுக்கு ஆயிரம் பொன். ஏழைப் பார்ப்பனன் தருமி, சிவன் எழுதிக் கொடுத்த பாட்டைக் கொண்டுபோய்ச் சபையில் படிக்கிறான். நக்கீரர் குற்றம் கண்டுபிடிக்கிறார். நெற்றிக்கண்ணைக் காட்டினாலும் அஞ்சாத நடுவர் என்று காலங்காலமாக நக்கீரரைப் புகழ்கிறோம். புகழட்டும்.

என் வாத்தியார் என்மேல் எதைச் சந்தேகப்பட்டாரோ, அதைத் தருமி நிஜமாகவே செய்தான். இன்னொருத்தர் எழுதியதைத் தன் பாட்டு என்று படித்தான். ஆனால் அவன் சபைக்குள் போகும்போது வாசலில் யாரும் தடுக்கவில்லை. மாட்டிக்கொண்ட பிறகும் சனங்கள் அவன்மேல் பரிதாபம்தான் படுகிறார்கள். கடைசியில் பொற்கிழியும் அவனுக்கே. எழுதிக் கொடுத்தவர் கடவுள் என்றால் அது திருட்டு ஆகாதுபோல. அந்தச் சபை வாசலில் நம் தாத்தன் ஒருத்தன் சொந்தப் பாட்டோடு போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாட்டில் குற்றம் பார்க்கிற வரைக்கும் விஷயம் போயிருக்காது.

கர்ணன் கதையும் போட்டிக் கதைதான். அஸ்தினாபுரத்து அரங்கத்தில் அருச்சுனன் செய்த வித்தையெல்லாம் அவனும் செய்து காட்டினான். நேருக்கு நேர் நிற்கிறேன் என்றபோது கிருபர் எழுந்து கேட்டது, உன் குலம் என்ன என்று. வில்லைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து அவனை ராசா ஆக்கினான். தகுதி வந்துவிட்டது. ஆனால் அந்தத் தகுதி கடனாக வந்தது. சாகிற வரைக்கும் கர்ணன் அதை அடைத்தான். கொடுக்கிறவர் யார், எதற்குக் கொடுக்கிறார் என்று பார்க்காமல் வாங்குகிற பரிசு இப்படித்தான். மேடையில் மாலை போட்டவர், அடுத்த தேர்தலில் நம் வாயைக் கணக்கில் எழுதிக்கொள்வார்.

மூன்றாவது, சங்கப் பலகை. வள்ளுவர் குறளை அரங்கேற்றப் போனபோது மதுரைப் புலவர்கள் ஏற்கவில்லை, பலகையில் வைத்தார்கள், பலகை குறளுக்கு மட்டும் இடம் விட்டு மற்றவர்களைக் குளத்தில் தள்ளியது என்பது கதை. வள்ளுவர் பிறப்பைப் பற்றிக் கட்டிவிட்ட கதைகளை அயோத்திதாசப் பண்டிதர் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுக்கதை என்று மறுத்து எழுதினார். சரி, கதையாகவே வைத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. மனுசன் கொடுக்க மறுத்த தீர்ப்பை மரப்பலகை கொடுத்தது. கீழே இருக்கிறவன் எழுதியதை ஏற்கவைக்க ஒரு அதிசயமே நடந்தாக வேண்டும் என்று அந்தக் கதையைக் கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

*

இன்றைக்குப் பலகைக்குப் பதில் விதிமுறை வந்துவிட்டது. பேருக்குப் பதில் எண் போட்டுத் திருத்துகிறார்கள். நல்லதுதான். அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் என் முதல் தாளே போயிருக்கும். ஆனால் எண் மறைக்கிறது பேரைத்தான். மொழி காட்டிக் கொடுத்துவிடும். 'இட்டுகினு', 'வந்துகினு' என்று எழுதினால் சிவப்பு மையில் கொச்சை என்று சுழிப்பார்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. எந்தப் பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியிலும் கொச்சை என்று சுழிக்கிற பேச்சில் எழுதிய புத்தகம். அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கு 2000ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்ட் விருது கிடைத்தது. இங்கே கொச்சை என்பது கடல் தாண்டுகிற மொழிக்குப் போனதும் இலக்கியம் ஆனது. எழுத்து மாறவில்லை, படித்தவர்கள் மாறினார்கள்.

விதிமுறையில் நுழைவுக் கட்டணம் இல்லை என்று போட்டிருக்கும். இருக்கிறது. ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திருவள்ளூர். காலை ஒன்பது மணிக்கு மாவட்டத் தலைநகரில் இருக்க வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. அம்மா கூடப் போனால் அன்றைக்குக் கூலி போச்சு. மத்தியானச் சோறு, போக வர டிக்கெட். எழுதிவைத்த பேச்சைத் திருத்திக் கொடுக்க ஒரு ஆள். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்க வீட்டில் ஒரு கண்ணாடி. இவ்வளவும் கட்டணம். சில பேருக்குப் பிறக்கும்போதே கட்டியாகிவிட்டது.

அறிவியலிலும் இதே கதைதான். பள்ளிப் பிள்ளைகளிடம் புது யோசனை கேட்டு, தேறினால் 10,000 ரூபாய் கொடுத்து மாதிரி செய்யச் சொல்கிற 'இன்ஸ்பயர் மானக்' என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்து, அந்தச் சத்தத்திலேயே படிக்கிற பிள்ளைக்கு அதைக் குறைக்க ஒரு யோசனை வராதா? வரும். ஆனால் அதை யோசனை என்று அடையாளம் கண்டு படிவத்தில் ஏற்ற ஒரு வாத்தியார் வேண்டும். அது கம்ப்ளெயின்ட் இல்லடா, கண்டுபிடிப்பு என்று சொல்ல ஆள் வேண்டும். நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் மேடையில் இல்லை. படிவம் வீட்டுக்கு வராமலே தோற்கிறார்கள்.

தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்கள் பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. முதல் பரிசு 5,000, அடுத்தது 3,000, அதற்கடுத்தது 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாக 2,000 ரூபாய் சிறப்புப் பரிசு. இந்தச் சிறப்புப் பரிசும் அந்தக் காலத்து ஆறுதல் பரிசும் ஒன்றா என்று யோசித்தேன். ஒன்றில்லை. ஆறுதல் என்பது கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது. இது விதியில் எழுதியிருப்பது, கேட்டு வாங்கலாம். இருட்டோடு பஸ் பிடித்து வருகிறவரும் வீட்டுக் காரில் வந்து இறங்குகிறவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை என்று விதியே ஒப்புக்கொள்கிறது. இடஒதுக்கீட்டின் நியாயமும் இதுதான். அதை வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. உதவித்தொகைக்கு எழுந்து நின்று கையெழுத்துப் போட்ட அந்தப் பையனுக்கு இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

*

அப்படியானால் ஒதுங்கிவிடலாமா? பரிசே வேண்டாம் என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். கன்னடத்தில் தேவனூர் மகாதேவா 2010இல் நிருபதுங்க விருதை மறுத்தார், கன்னடம் பள்ளியில் பயிற்றுமொழி ஆகவேண்டும் என்பதற்காக. 2015இல் பத்மஸ்ரீயையும் 'குசுமபாலெ'வுக்கு வாங்கிய சாகித்திய அகாதமி விருதையும் திருப்பிக் கொடுத்தார். பெரிய காரியம். தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுக்க முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எனக்கு வேண்டாம் என்று காலனித் திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்னால், யார் கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். மறுப்புக்குக்கூட ஒரு மேடை வேண்டியிருக்கிறது.

எனக்கு வழி காட்டியது 1936இல் நடந்தது. லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சீர்திருத்த அமைப்பு தன் மாநாட்டுக்குத் தலைமையுரை ஆற்ற அம்பேத்கரைக் கூப்பிட்டது. அவர் போக ஒப்புக்கொண்டார். இதைக் கவனிக்க வேண்டும். சாதி இந்துக்கள் நடத்துகிற மேடை, நான் வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. உரையை எழுதினார். படித்துப் பார்த்தவர்கள் மிரண்டு, இதை எடு, அதைக் குறை என்றார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற அவர் ஒப்பவில்லை. அவர்கள் மாநாட்டையே நிறுத்தினார்கள். அம்பேத்கர் சொந்தக் காசில் 1,500 படி அச்சடித்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அந்த மாநாட்டை நடத்த முடியாதவர்கள் பேரையே இன்றைக்கு இந்தப் புத்தகத்தால்தான் நமக்குத் தெரியும்.

அங்கேதான் எனக்கு வெளிச்சம் வந்தது. மேடை வேறு, அளவுகோல் வேறு. மேடைக்குப் போகலாம், போக வேண்டும். அது நம் வரிப்பணத்திலும் நம் உழைப்பிலும் போட்ட மேடை. அளவுகோலுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டியதில்லை. போட்டியில் தோற்பது ஒரு இழப்பே இல்லை. நாலு பேர் ஓடினால் மூணு பேர் தோற்கத்தான் வேண்டும். ஜெயிப்பதற்காகப் போகிற வழியில் எதைக் கீழே போட்டுவிட்டுப் போகிறோம் என்பதுதான் இழப்பு. நான் 1984இல் தோற்றது முதல் பரிசை அல்ல. அந்த ஒரு வரியை.

*

மற்றவர்களை மட்டும் கேட்டுவிட்டு நம்மைக் கேட்காமல் விட்டால் நேர்மையாக இருக்காது. நாமும் இப்போது போட்டி நடத்துகிறோம். கதைப் போட்டி, கவிதைப் போட்டி, ஏப்ரல் 14க்கு ஓவியப் போட்டி. நடுவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு பையன் தன் ஊர் ஏரியில் மீன் பிடிக்கிற சந்தோசத்தைக் கதையாக எழுதி அனுப்பியிருந்தான். நன்றாக இருந்தது. ஆனால் இதில் வலி எங்கே இருக்கிறது என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டேன். அடி, அவமானம், சாவு இருந்த கதைகளை மேலே வைத்தேன். காயத்தைக் காட்டினால் மார்க்கு என்று நம் பிள்ளைகளுக்கு நானே ஒரு அளவுகோல் செய்து கொடுத்தேன். வாத்தியார் என்னிடம் வலியை எடுக்கச் சொன்னார். நான் அந்தப் பையனிடம் வலியைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பேரும் பிள்ளை எழுதியதைப் படிக்கவில்லை.

இன்னொன்று. எங்கள் பக்கத்து அருந்ததியர் வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி. எல்லையை மாற்றியவர்கள் அடுப்படி மொழியை மாற்றவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை தமிழில் எழுதும்போது ல, ள தடுமாறும். நம் நடுவர்களே அதைச் சுழிக்கிறார்கள். 2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தபோதும், 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்வகைப்பாடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோதும், நம்மிலேயே சிலர் 'தகுதி, திறமை' பேசியதை நான் காதால் கேட்டேன். தராசு கை மாறினால் மட்டும் போதாது. முள்ளைச் சரிபார்க்க வேண்டும்.

அளவுகோல் மாறவே மாறாது என்றும் சொல்ல முடியாது. சாவு வீட்டில் அடிக்கவைத்த பறையை, இனி அடிக்கமாட்டோம் என்று கீழே வைத்த ஊர்கள் உண்டு. அதே பறையை, இது எங்கள் கலை என்று எடுத்து மேடையில் அடித்தவர்களும் உண்டு. 2025இல் பறை ஆசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ வந்தது. கீழே வைத்ததும் சரி, எடுத்து அடித்ததும் சரி. இரண்டையும் முடிவு செய்தது நாம். அடி என்று இன்னொருத்தன் சொல்லி அடித்ததுதான் இழிவு.

*

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை வந்தாள். சேரு என்றேன். "பரிசு வராட்டியும் பரவால்ல. நீ இன்னா சொல்லணும்னு நெனைக்கிறியோ அத விட்டுட்டு மட்டும் வந்துடாத" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது. சோப்பு டப்பா கதையை நான் சொல்லவில்லை.

அம்மாவும் பெண்ணும் இருட்டோடு கிளம்பிப் போனார்கள். ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்தார்கள். மறுநாள் காலையில் போய்க் கேட்டேன்.

"எல்லாரும் சட்ட மேதை, சட்ட மேதைன்னே பேசுனாங்க பெரிப்பா. நான் தண்ணியப் பத்திப் பேசுனேன். 1927ல மகாடு கொளத்துல போயித் தண்ணி எடுத்துக் குடிச்சாருல்ல, அது. அப்பறம் நம்ம காலனிக் கொழா பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். மணி அடிச்சுட்டாங்க. டைம் முடிஞ்சிடுச்சாம்."

பரிசு வரவில்லை. எல்லாருக்கும் அதே அஞ்சு நிமிசம்தான், அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் முகத்தில் வருத்தமும் பெரிசாகத் தெரியவில்லை. வேறொரு கணக்கு அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாதிதான் பெரிப்பா பேசுனேன். மீதிய எங்க பேசுறது?"

ஆறுதல் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அவள் ஆறுதல் கேட்கவில்லை, இடம் கேட்டாள். அந்த ஏப்ரல் 14 சாயங்காலம் காலனியில் மைக் கட்டியிருந்தோம். அவளைப் பேசச் சொன்னோம். முன்னால் பெஞ்சில் பஞ்சாயத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழாயைப் பற்றி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். மணி அடிக்க அங்கே யாரும் இல்லை.